வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் நமக்கென்று ஓர் ஆணி

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு நம் கடைகளில் ஒரு கேள்வி தொடங்கிவிடும். "அண்ணாச்சி, காலண்டர் வந்துடுச்சா?" துவரம்பருப்பு விலை ஏறியதைப் பற்றிக்கூட இத்தனை பேர் கேட்பதில்லை. காசிமேட்டுப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி சற்றுக் காரமாகவே வரும். "இன்னா அண்ணாச்சி, வருசம் பூரா உன் கடையில வாங்கறோம், ஒரு காலண்டரு குடுக்க மாட்டியா?"

இதைக் கேட்டு அலுத்துப்போன நம் உறுப்பினர்களில் சிலர், இனி காலண்டர் கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். காகித விலை ஏறிவிட்டது, அட்டை விலை ஏறிவிட்டது, தேதி பார்க்க எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது, காலண்டரை வாங்கிக்கொண்டு போகிறவர்களே மாதச் சாமானுக்குச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார்கள் என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். ஒன்றும் பொய்யில்லை. ஆனாலும் நிறுத்தக் கூடாது என்பதே நம் கருத்து.

முதலில் நம் பகுதியின் சுவர்களைப் பற்றிப் பேசுவோம். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி வாழ்கிறவர்களுக்குச் சுவர் என்பது தீராத தலைவலி. உப்புக் காற்றில் பூச்சு பொரிந்து உதிரும். வெள்ளையடித்த இரண்டாம் மழைக்காலத்திலேயே கீழே உப்புப் பூத்துவிடும். இரும்பு ஆணி அடித்தால் ஒரே ஆண்டில் துருவேறி, சுவரில் செங்காவி வடு இறங்கும். போதாக்குறைக்கு நிலக்கரித் தூசி. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் இறங்கிய காலத்தில் இராயபுரத்துச் சுவர்கள் எப்படி இருந்தன என்பது பழைய கடைக்காரர்களுக்குத் தெரியும். காலையில் துடைத்த அரிசி மூட்டையின் மேல் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போயிற்று. அங்கே இருக்கும் நம் உறுப்பினர்கள் இப்போது அதே கதையைச் சொல்கிறார்கள்.

இந்தச் சுவர்களுக்கு நடுவில்தான் ஒரு குடும்பம் தன் வீட்டை அழகாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. ஓவியம் வாங்கி மாட்ட வசதியில்லை. சட்டம் போட்ட படம் என்றால் கல்யாணப் படமும், காலமான பெரியவர் படமும்தான். மீதிச் சுவருக்கு நாம் கொடுக்கும் காலண்டர்தான் அலங்காரம். அரிசிச் சிப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஒண்டுக்குடித்தன வீடுகளுக்குள்ளும், பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளின் மாடிகளுக்கும் ஏறி இறங்கிய நம் கடைப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். ஈரம் கசியும் இடத்தை மறைக்க ஒரு முருகன், மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு வேளாங்கண்ணி மாதா, அடுப்படியில் பால் கணக்கு எழுத ஒரு மாதக் காலண்டர். வருடம் முடிந்தும் இறக்காமல் மூன்று வருடக் காலண்டரை ஒரே ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிட்டிருக்கும் வீடுகளும் உண்டு. அடியில் இருக்கும் படம் பிடித்துப் போயிருக்கும், அவ்வளவுதான்.

வாடகை வீட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. வீட்டுக்காரர் புதிதாக ஆணி அடிக்க விடமாட்டார். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஒன்றிரண்டு ஆணிகள்தான் கதி. அந்த ஆணிக்கு நகைக்கடை, அடகுக்கடை, வங்கி, கட்சிக்காரர் என்று ஜனவரி பிறந்தால் போட்டி. அந்தப் போட்டியில் மளிகைக் கடைக்காரர் ஜெயிப்பது எப்படி என்பதில்தான் நம் கவனம் இருக்க வேண்டும். நாமாக அதிலிருந்து விலகிவிட்டால் அந்த ஆணி சும்மா இருக்காது. மறுநாளே வேறொருவர் அதில் தொங்குவார்.

இந்தப் படங்கள் நம் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றிலும் வணிகர்களின் பங்கு பெரியது. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் ஜெர்மன் இயந்திரங்களுடன் கல்லச்சுக் கூடம் தொடங்கிய பிறகுதான், அரண்மனைச் சுவரில் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரணக் குடும்பத்துச் சுவருக்கு இறங்கி வந்தார்கள். நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தது சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும். அதற்காக வந்த அச்சகங்கள் பிறகு காலண்டர் அடிக்கத் தொடங்கின. மழை குறைந்த வறண்ட பூமி என்பதால் காகிதத்துக்கும் மருந்துக்கும் அந்த ஊர் ஒத்துவந்தது. படம் வரைந்து கொடுக்கப் பக்கத்திலேயே கோவில்பட்டியில் கொண்டையராஜு இருந்தார். 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்த அவர், நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிய கை. சிரித்த முகமும் நிறைந்த நகையும் பின்னால் மலையும் ஆறுமாக நாம் சிறு வயதில் பார்த்து வளர்ந்த சாமி படங்களில் பெரும்பாலானவை அவரும், சுப்பையா, ராமலிங்கம் போன்ற அவர் சீடர்களும் போட்ட வழியில் வந்தவை. அவர் பெயர் தெரியாத வீடுகளிலும் அவர் வரைந்த முகம் கும்பிடப்பட்டது. அந்த முகத்தை அந்த வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் மளிகைக் கடைக்காரர்களும் ஜவுளிக் கடைக்காரர்களும்தான். இதில் நமக்குக் கொஞ்சம் பெருமை இருந்தால் தப்பில்லை.

செலவுக் கணக்குக்கு வருவோம். ஒரு தினசரிக் காலண்டர் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300 வாடிக்கைக் குடும்பங்களுக்குக் கொடுத்தால் 12,000 ரூபாய். மொத்தமாகப் பார்க்கும்போது கண்ணைக் கரிக்கத்தான் செய்யும். 365 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 33 ரூபாய்கூட ஆகவில்லை. கடைப் பையன்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பது இதைவிட அதிகம். ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 11 பைசா. அந்த 11 பைசாவுக்கு அந்த வீட்டு அம்மா காலையில் எழுந்து தாளைக் கிழிக்கும்போது நம் கடைப் பெயரும் போன் நம்பரும் கண்ணில் படுகின்றன. எண்ணெய் தீர்ந்துபோன நேரத்தில் அந்த நம்பர் சுவரில் இருக்கிறது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். முன்பெல்லாம் நம் பெயரைச் சுமந்துகொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனது பிளாஸ்டிக் பை. 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை வந்தது. தடை நல்லதுதான், பக்கிங்காம் கால்வாயைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அதோடு பெயர் போட்டுக் கொடுப்பதும் பல கடைகளில் நின்றுபோயிற்று. துணிப்பையில் பெயர் அச்சடித்துக் கொடுக்க எல்லோருக்கும் கட்டுப்படியாகவில்லை. இப்போது வாடிக்கையாளர் வீட்டுக்குள் நம் பெயர் இருக்கும் ஒரே இடம் காலண்டர் அட்டை.

அந்தப் பெயரை எப்படிப் போடுவது என்பதிலும் நாம் தவறு செய்கிறோம். காசு கொடுத்தது நாம் என்று எண்ணி, பிள்ளையார் தலைக்கு மேல் பிள்ளையாரைவிடப் பெரிதாகக் கடைப் பெயர், பக்கத்தில் முதலாளியின் புகைப்படம், கீழே மூன்று போன் நம்பர்! வருடம் முடிந்ததும் அந்த வீட்டு அம்மா என்ன செய்கிறார்? சாமி படத்தைத் தூக்கிப் போட மனம் வராமல் கத்தரிக்கோலை எடுத்து, படத்தை மட்டும் வெட்டிப் பூசை அலமாரியில் ஒட்டிக்கொள்கிறார். நம் பெயர் குப்பைக்குப் போகிறது. அதையே படத்தின் காலடியில் அடக்கமாக ஒரு வரியில் போட்டிருந்தால் வெட்டத் தோன்றாது. திருவொற்றியூரில் ஒரு வீட்டில், எப்போதோ மூடப்பட்ட ஒரு கடையின் பெயர் வடிவுடையம்மன் படத்தின் கீழே இன்னும் இருப்பதை நாமே பார்த்தோம். அந்தக் கடைக்காரர் ஊருக்குப் போய்ப் பல வருடமாகிவிட்டது.

படத் தேர்வையும் ஏஜெண்டிடம் விட்டுவிடாதீர்கள். "இதான் அண்ணாச்சி இந்த வருசம் நல்லா ஓடுது" என்று அவர் காட்டும் படத்தை 300-ம் வாங்கிப் போட்டால், இராயபுரம் தேவாலயத் தெருவில் பாதி திரும்பி வரும். நம் பகுதியில் ஒரே தெருவில் அந்தோணியாரும் மாரியம்மனும் மெக்காவும் தேவைப்படும். யார் வீட்டுக்கு எது என்று நமக்குத் தெரியும். கடன் நோட்டில் பெயர் எழுதுகிறவர்களுக்கு இது தெரியாதா? எதுவும் வேண்டாம் என்கிறவர்களுக்கு அருவி, பச்சை வயல், குழந்தை முகம் என்று 20 தனியாக வைத்துக்கொள்ளலாம். கட்சித் தலைவர் படம் மட்டும் வேண்டாம். அது ஒரு வாடிக்கையாளரைச் சேர்த்து இரண்டு பேரை அனுப்பிவிடும்.

தினசரித் தாள் சிவகாசியில் மொத்தமாக அச்சாகி வருவது. அதில் நாம் கைவைக்க முடியாது. ஆனால் மாதக் காலண்டரிலும், அட்டையின் பின்பக்கத்திலும் நம் பகுதிக்கு வேண்டியதைச் சேர்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் மீனவக் குடும்பங்களின் பற்று ஏறும் என்பது நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதை ஒரு கட்டம் போட்டுக் காட்டினால் இரு தரப்புக்கும் உதவும். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வரும் நாளில் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கக் கிளம்புகிறவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர். திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரருக்குக் கவசம் களையும் கார்த்திகைப் பௌர்ணமியையொட்டிய மூன்று நாட்களையும் தேதியோடு போடலாம். செல்போனில் தேதி இருக்கிறது என்கிறவர்களுக்கு இதுதான் பதில். நம் தெருவுக்கு என்று தேதி போட்டுக் கொடுக்க நம்மால்தான் முடியும்.

கொடுப்பதில் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் நாம் ஆர்டர் கொடுத்த ஓர் அச்சகத்தில் போன் நம்பரின் கடைசி இரண்டு எண்களை மாற்றி அடித்துவிட்டார்கள். சரிபார்க்கும் தாள் வந்தபோது கல்லாவில் கூட்டம், பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நம் தவறு. அந்த வருடம் முழுவதும் யாரோ ஒரு பெரியவருக்கு ராத்திரி எட்டு மணிக்கு, அரைக் கிலோ ரவை அனுப்பச் சொல்லிப் போன் போய்க்கொண்டிருந்தது. நல்ல மனிதர். பொங்கலுக்கு அவருக்கும் ஒரு காலண்டர் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்தை அடுத்த குடியிருப்புகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகும் சுவர்களில் கறுப்புக் கோடு நின்றது. சோப்புக்கும் போகவில்லை, சுண்ணாம்புக்கும் மறையவில்லை. நம் உறுப்பினர் ஒருவர் கடையில், கீழ் வரிசையில் கட்டி வைத்திருந்த 2024-ஆம் வருடக் காலண்டர்கள் மொத்தமும் நனைந்து ஒட்டிக்கொண்டன. சரக்கு நட்டத்தோடு இதுவும் நட்டம். இந்த வருடம் காலண்டர் கிடையாது என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் பருப்பு வாங்க வந்த ஓர் அம்மா, "செவுரு பாக்க சகிக்கல அண்ணாச்சி, ஒண்ணு இருந்தா குடேன்" என்றாராம். கடைக்காரர் அண்டர்சன் தெருவுக்குப் போய்ப் பெயர் அச்சடிக்காத வெற்றுக் காலண்டர் 100 வாங்கி வந்து கொடுத்தார். கடைப் பெயர் ரப்பர் ஸ்டாம்பில்தான். அவற்றில் பல, மாட்டவேண்டிய உயரத்தில் மாட்டப்படாமல், கறுப்புக் கோடு இருந்த உயரத்துக்கு இறக்கி மாட்டப்பட்டிருந்ததைப் பிறகு சாமான் கொண்டுபோன பையன் பார்த்து வந்து சொன்னான்.

எல்லோருக்கும் காலண்டர் வேண்டும் என்று நாம் சாதிக்கவில்லை. புதிய அடுக்குமாடிகளில் குடிவந்திருக்கும் இளம் தம்பதிகள் சுவருக்கு வண்ண ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், வால்பேப்பர் போடுகிறார்கள். முருகன் காலண்டரைக் கொடுத்தால் மரியாதைக்கு வாங்கிக்கொண்டு அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடலாம். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மாட்டும்படி, படமில்லாமல் பெரிய எண்களும் எழுத இடமும் உள்ள மாதக் காலண்டர் வேண்டுமென்றால் கொடுப்போம், வேண்டாம் என்றால் அந்தக் காசுக்குப் பொங்கலன்று ஒரு கட்டு மஞ்சள் கொத்து கொடுப்போம். 300 அடித்த இடத்தில் 220 அடித்தால் போதும். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சம் கனமான அட்டை போடச் சொல்லுங்கள். சிவகாசி வெயிலில் நிமிர்ந்து நிற்கும் மெல்லிய அட்டை நம் கடற்காற்றில் மார்ச்சுக்குள் சுருண்டுவிடும்.

ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருட ஆல்பம் வெளியாகிறது. ஆகஸ்ட் மாதத்திலேயே நம் சங்க அலுவலகத்துக்கும் ஆல்பம் வந்துவிடும். ஐப்பசியில் அலைந்து, மிஞ்சிய படத்தை வாங்குவதைவிட அப்போதே வந்து பார்த்துவிடுங்கள். நான்கைந்து கடைகள் சேர்ந்து ஒரே ஏஜெண்டிடம் கொடுத்தால் விலை பேசவும் தோது. வரும்போது வீட்டில் இருப்பவர்களையும் அழைத்து வாருங்கள். படம் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் கண் நம்முடையதைவிட நல்ல கண்.