திருந்துவதற்கு அவர் என்ன திருடனா?

போன வாரம் ஒரு நிச்சயதார்த்தப் பந்தி. அம்மாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர் ஒருவர், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் ஆரம்பித்தார். "ஏம்மா, உன் தம்பிக்கு இன்னும் எத்தனை தடவைதான் செலவு பண்ணுவீங்க? அவனா பார்த்துத் திருந்தணும்மா. நாய் வாலை நிமிர்த்த முடியுமா?"

அம்மா பதில் சொல்லவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். எனக்கு வாய் வரை வந்தது. சபையில் பெரியவரை எதிர்த்துப் பேசினால் அந்தப் பழியும் அம்மா தலையில்தான் விழும் என்று மோரோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். அங்கே விழுங்கியதை இங்கே கொட்டுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரைப் போடாதே, மீதியைப் போடு" என்றார்.

முதலில் அந்த வார்த்தைக்கு வருவோம். திருந்தணும். திருடன் திருந்துவான், ரவுடி திருந்துவான், பரீட்சையில் பிட் அடிக்கிறவன் திருந்துவான். மஞ்சள் காமாலை வந்தவனைப் பார்த்து "நீயா பார்த்துத் திருந்து" என்று யாராவது சொல்வீர்களா? குடிக்கு அடிமையாவது நோய் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சொல்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956லேயே சொல்லிவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன், நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் சேர்த்திருக்கிறது. சட்டத்துக்கே தெரிந்தது நம் பந்திக்குத் தெரியவில்லை.

மாமாவுக்கு மோட்டார் காயில் கட்டும் வேலை. ஐந்து ஹெச்பி மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, தலைமுடி மாதிரி இருக்கும் செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுவார். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். அந்தக் கைதான் பிறகு காலையில் டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும். ஊர் பார்த்தது என்ன? "காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டான்." அது ஜாலிக்குக் குடித்த குடி இல்லை, கை நிற்பதற்காகக் குடித்த குடி என்று எங்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது.

அதற்கு நாங்கள் செய்த வைத்தியங்களைக் கேளுங்கள்.

முதல் வைத்தியம், கல்யாணம். "கால்கட்டு போட்டா சரியாயிடுவான்." போட்டார்கள். சரியாகவில்லை. ஒருத்தர் பட்ட கஷ்டத்தை இரண்டு பேர் படுவதற்கு வழி செய்தோம், அவ்வளவுதான். என் அத்தை இருபத்து மூன்று வயதில் எங்கள் குடும்பத்தின் மருந்துச் சீட்டாக வந்து சேர்ந்தார். இதைவிடப் பெரிய பாவத்தை எங்கள் குடும்பம் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, கோயிலில் கயிறு. நம்பிக்கையை நான் கிண்டல் செய்ய மாட்டேன். அந்தக் கயிறு நாற்பது நாள் தாங்கியது. நாற்பத்தோராம் நாள் அறுந்தபோது, "சாமி கயித்தையே அறுத்தவன்" என்ற பட்டமும் மாமாவுக்குச் சேர்ந்தது.

மூன்றாவது, பொடி. "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்று பேருந்து நிலையச் சுவரிலும் தூணிலும் ஒட்டியிருப்பார்களே, அதேதான். குழம்பில் கலந்தோம். அதில் என்ன இருந்தது என்று விற்றவருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். டைசல்ஃபிரம் என்று ஒரு முறையான மருந்து உண்டு. 1940களின் கடைசியில் டென்மார்க்கில் அதன் குணத்தைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். அதனால்தான் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதித்த பிறகே மருத்துவர் அதைத் தருகிறார். மருத்துவரே மறைத்துக் கொடுக்கத் துணியாத ஒன்றை, பேர் தெரியாத பொடியாக வாங்கிக் கட்டிய பெண்டாட்டி கையாலேயே கலக்க வைத்தோம். மாமாவுக்கு விஷயம் தெரிந்த பிறகு வீட்டுச் சாப்பாட்டையே தொடவில்லை. வெறும் வயிற்றில் குடித்தார்.

நான்காவதுதான் கொடுமை. ரூமில் போட்டுப் பூட்டினோம். "மூணு நாள் குடிக்காம இருந்தா தன்னால விட்டுடும்." பூட்டியவர்களில் நானும் ஒருவன். சாவி என் கையில் இருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. வாயில் ரத்தம், கண் மேலே செருகிவிட்டது. ஆம்புலன்ஸில் போகும்போது அத்தை அழவில்லை. நான்தான் அழுதேன்.

அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்போ குடிச்சார்?" பூட்டி வைத்த கதையைச் சொன்னோம். அவர் திட்டவில்லை. விளக்கினார். மது மூளையை அமுக்குகிறது. வருஷக்கணக்கில் தினமும் அமுக்கினால், மூளை அதை ஈடுகட்டுவதற்காகத் தன் வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் ஏற்றிய வேகம் மட்டும் மிஞ்சுகிறது. சில மணி நேரத்தில் நடுக்கம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் சித்தப்பிரமை பிடித்த மாதிரி ஆகலாம். இல்லாத பூச்சியை உதறுவார்கள், ஆளைத் தெரியாது. வைத்தியம் பார்க்காமல் விட்டால் சாவு வரைக்கும் போகும். மருத்துவமனையில் அந்த வேகத்தைத் தணிக்க மருந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் என்ற வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். இரண்டுமே விலை உயர்ந்த மருந்துகள் இல்லை. பணத்தைவிட எங்கள் அறியாமைதான் மாமாவைக் கொல்லப் பார்த்தது.

இப்போது அந்த உறவுக்காரரின் கேள்விகளுக்கு வருகிறேன்.

"அவனா மனசு வச்சாத்தான் உண்டு." பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். மனசு தானாக வராது, வரவழைக்கலாம். அமெரிக்காவில் 1999ல் ஓர் ஆய்வு வெளியானது. சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்ற குடிநோயாளிகளின் வீட்டார் 130 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வீட்டார் தங்கள் மனநிம்மதியைப் பார்த்துக்கொள்ளும் அல்-அனான் வழியில் சென்ற குழுவில், 13 சதவீத நோயாளிகள்தான் சிகிச்சைக்கு வந்தார்கள். (அந்த அமைப்பின் நோக்கமும் அதுவல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும்.) குடும்பமே கூடி உட்கார்ந்து முகத்துக்கு நேராகச் சொல்லும் முறையில் 30 சதவீதம். வீட்டார் எப்போது பேசுவது, எப்போது விலகுவது என்று பழகிக்கொண்ட முறையில் 64 சதவீதம். கிராஃப்ட் என்று அதற்குப் பெயர். மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் "நாய் வால்" என்று யாரோ ஒரு பந்தியில் சொல்லப்பட்டவர்கள்தான்.

அந்த முறையில் மந்திரம் எதுவும் இல்லை. குடித்திருக்கும்போது வாதம் செய்யாதே, நகர்ந்துவிடு. குடிக்காத சாயங்காலம் என்று ஒன்று வாய்த்தால் அதை வீணாக்காதே, கூட உட்கார்ந்து சாப்பிடு, பேசு. அவருக்காக முதலாளியிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்லாதே. அவர் வாங்கிய கடனை ஓடிப்போய் அடைக்காதே. குடியின் விளைவு அவருக்கே தெரியட்டும். அடி விழும் போலிருந்தால் முதலில் உன்னைக் காப்பாற்றிக்கொள். அவர் மனசு இளகும் நேரத்துக்குக் காத்திரு. அந்த நேரத்தில் கூட்டிப்போக இடம் தயாராக இருக்கட்டும். எங்கள் வீட்டில் இத்தனையும் தலைகீழாக நடந்தது. குடித்து வந்த ராத்திரியில் நீதிமன்றம் நடத்துவோம். குடிக்காத நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்!

"எத்தனை தடவை செலவு பண்றது?" மாமா மூன்று மாதம் குடிக்காமல் இருந்து மறுபடி விழுந்தது உண்மை. உடனே "பார்த்தியா, காசு தண்டம்" என்றார்கள். என் பெரியப்பாவுக்குச் சர்க்கரை. தீபாவளிக்கு ஜாங்கிரி தின்று, சர்க்கரை முந்நூறைத் தாண்டி, இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தார். "நாய் வால்" என்று யாரும் சொல்லவில்லை. ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். 2000ஆம் ஆண்டு ஜாமா மருத்துவ இதழில் மெக்லெல்லன் குழுவினர் போதை அடிமைத்தனத்தை சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமாவோடு ஒப்பிட்டு எழுதியதும் இதைத்தான். மருந்தை ஒழுங்காக எடுக்காமல் விடுவதிலும் மறுபடி மோசமாவதிலும் இவற்றுக்குள் பெரிய வித்தியாசமில்லை. வருஷக்கணக்காகப் பார்க்க வேண்டிய நோயைப் பல் பிடுங்குவது மாதிரி ஒரே தடவையில் முடிக்கப் பார்க்கிறோம்.

"சர்க்கரை வந்தவன் பெண்டாட்டியை அடிக்கிறானா?" இது நியாயமான கேள்வி. இதிலிருந்து நழுவ மாட்டேன். நோய் என்று சொல்வது அடிக்கு மன்னிப்புச் சீட்டு இல்லை. அத்தை அடி வாங்கிக்கொண்டு பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் குடிகாரன் வீட்டுப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான். அத்தை ஆறு மாதம் பிறந்த வீட்டில் போய் இருந்தார். சரிதான் செய்தார். அந்த ஆறு மாதத்தில்தான் மாமா முதல் தடவையாக "எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டார். நோயாளி என்று நடத்துவதும், எல்லை கட்டுவதும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை.

கூட்டிப்போகும் இடத்திலும் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். "மறுவாழ்வு மையம்" என்று போர்டு மாட்டிய எல்லாமே மருத்துவமனை அல்ல. பதிவு பெற்றதா, மனநல மருத்துவர் வருகிறாரா, வீட்டார் வந்து பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். அடித்துத் திருத்துகிறோம் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து செத்ததை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. இப்போதுள்ள சட்டப்படி சங்கிலியால் கட்டுவது எந்த வகையிலும் கூடாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலேயே இதற்கு வைத்தியம் உண்டு. அந்தப் போர்டைப் பார்த்ததும் அம்மா ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றுவிட்டார். "யாராவது பார்த்தா?" பார்த்தால் என்ன? டாஸ்மாக் வாசலில் பத்து வருஷமாக எல்லோரும்தான் பார்த்தார்கள்.

டாஸ்மாக் என்றதும், "கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரு தோழர் வருவார். 2003ல் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. 2024-25ல் வருமானம் 48,000 கோடி ரூபாய்க்கும் மேல். அந்தப் பணத்தில் நோயாளியாகிப்போனவனுக்கு எவ்வளவு திரும்புகிறது என்று அரசாங்கத்தைக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் கடையை மட்டும் மூடினால் என்ன ஆகும் என்பதை 2020 ஊரடங்கில் பார்த்துவிட்டோம். ஒரே ராத்திரியில் கடைகள் மூடின. கேரளத்தில் மது கிடைக்காமல் தற்கொலைகள் நடந்தன. மருத்துவர் சீட்டு எழுதினால் மது தரலாம் என்று அந்த அரசு உத்தரவு போட, உயர்நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. கதவு மூடியதும் குணமாகிவிடும் என்று நம்புவது, மாமாவை ரூமில் பூட்டிய அதே புத்திதான்.

டெல்லி எய்ம்ஸ் நடத்தி மத்திய சமூகநீதி அமைச்சகம் 2019ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் ஓர் எண் இருக்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மீதிப் பேருக்கு என்ன கிடைத்தது? கால்கட்டு, கயிறு, பொடி, பூட்டு. கூடவே பந்தியில் இலவச அறிவுரை.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி, கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பிறகு, 1980ல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். தன் வீட்டில் நடந்ததை மூடி மறைக்காமல், வெட்கப்பட்டு உட்காராமல், மற்ற வீடுகளுக்காகக் கதவைத் திறந்து வைத்தார். அப்போதே அவருக்குப் புரிந்தது நமக்கு இன்னும் புரியாமலிருக்க எந்த நியாயமும் இல்லை.

மாமா இரண்டாவது தடவை சிகிச்சை முடித்து இது ஐந்தாவது மாதம். ஆறாவது மாதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. மறுபடி விழுந்தால் மறுபடி கூட்டிக்கொண்டு போவோம். போன ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போயிருந்தேன். அரை ஹெச்பி மோட்டார் ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, சுற்று எண்ணிக்கை விட்டுப்போகுமாம். கை நடுங்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார் என்றால், 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய உதவி எண், 14416 மனநல உதவி எண். குடிப்பவர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, நீங்களே கூப்பிடலாம். அந்த ரூம் சாவி இப்போது உங்கள் கையில் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே திறந்துவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.