பழஞ்சோறும் பந்தியும்

சுடச்சுட உண்பதே சிறந்த உணவு என்பது பலர் கருத்து. வடித்த சோற்றின் ஆவியும் தாளித்த குழம்பின் மணமும் பசியைத் தூண்டுவன என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆறிய பின்னரே சுவை நிறையும் உணவுகளும் உள. புளியோதரை, புளியும் எண்ணெயும் சோற்றில் நன்கு ஊறிய பின்னரே நாவுக்கு இனிக்கும். மீன்குழம்பு முதல்நாளைக் காட்டிலும் மறுநாள் சுவை மிகும். இத்தகைய உணவுகளுள் தலையாயது பழஞ்சோறு.

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், குமுளிக்கு ஏறும் மலைப்பாதையின் தொடக்கத்தில் உள்ளது லோயர் கேம்ப். முல்லைப் பெரியாற்று அணை 1895-ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்ட அதன் நீர், இவ்வூர்ப் பக்கமாக இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கை வளப்படுத்துகின்றது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெற்பாசனம் பெறுவது. நெல் விளையும் இந்நாட்டில் பழஞ்சோறு காலை உணவானது இயல்பே. விடியுமுன் வயலுக்குப் புறப்படும் உழவனுக்கு அடுப்பு மூட்டிச் சமைத்துண்ண நேரம் ஏது? இரவே ஆயத்தமான உணவு அவனுக்கு வேண்டியிருந்தது.

அதனை ஆக்கும் முறை எளிது. இரவு எஞ்சிய சோற்றை நன்கு ஆறவிட்டு, மண்பானையில் இட்டு, மூழ்குமாறு தூய நீர் வார்த்து மூடிவைப்பர். மண்பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருப்பதைக் குளிர்விக்கும். இரவெல்லாம் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் சோற்றைச் சிறிது புளிக்கச் செய்யும். காலையில் உப்பிட்டுப் பிசைந்து, மோர் கலந்து, சின்ன வெங்காயத்தையோ மோர்மிளகாயையோ கடித்துக்கொண்டு உண்டால் உடல் குளிரும். சுண்டவைத்த பழங்குழம்பும் உடனிருந்தால் வேறு கறி வேண்டா. மேலே நிற்கும் நீராகாரம், வியர்வையால் இழந்த நீரையும் உப்பையும் உழைப்பாளிக்கு மீட்டுத் தரும்.

இதன் பயனை மருத்துவரும் ஆராயத் தொடங்கியுள்ளனர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், குடல் நோயாளர்க்குப் பழைய சோறு உதவும் திறத்தை அண்மைக் காலத்தில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். எனினும் ஒன்றை மறத்தலாகாது. பானையும் கையும் நீரும் தூய்மையாக இருத்தல் வேண்டும். நெடுநேரம் வெப்பத்தில் திறந்து கிடந்த சோறும், தீய நாற்றம் வீசும் சோறும் நஞ்சே ஆகும். அவற்றை உண்பது சிக்கனமாகாது.

இத்துணை நலமுடைய உணவை உண்பதாகச் சொல்லச் சிலர் நாணுவது ஏன்? சுவையில் குறை கண்டதனால் அன்று. பெரும்பாணாற்றுப்படையில், உழைப்பாளர் வீட்டுச் சிறுவர் பழஞ்சோற்றை வெறுத்து அவல் இடிக்கும் காட்சி வருகின்றது. நாள்தோறும் ஒன்றையே உண்டால் எவருக்கும் சலிப்புத் தோன்றும். அது குழந்தையின் இயல்பு. நாணமோ வேறிடத்திலிருந்து வந்தது. நிலமுடையவர் சுடுசோறு உண்டு, கூலியாளுக்குப் பழையதை வார்த்தனர். வீட்டிலோ, எல்லார்க்கும் சுடச்சுடப் பரிமாறிய பெண், எஞ்சியதைத் தனித்திருந்து உண்டாள். இவ்வாறு இல்லாதவர்க்கும் இளைத்தவர்க்கும் உரியது என்ற முத்திரை அச்சோற்றின் மேல் விழுந்தது. உயர்வு தாழ்வு சோற்றில் இல்லை. நாம் அமைத்த பந்தியில்தான் இருந்தது.

பந்தி மாறினால் மதிப்பும் மாறும் என்பதற்குச் சான்று உண்டு. ஒடிசா மக்கள் தம் பழைய சோற்றைப் ‘பகாள’ எனப் பெயரிட்டு, ஆண்டுதோறும் மார்ச்சு 20-ஆம் நாள் அதற்கென விழாவே எடுக்கின்றனர். 2021-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிச் சமையற் போட்டி ஒன்றின் இறுதிச் சுற்றில், வங்காள மரபினரான கிசுவர் சௌத்ரி என்னும் பெண்மணி பழைய சோற்றையே நடுவர்க்குப் படைத்தார். மூன்றாம் இடமும் பெற்றார்.

ஆனால் நம் மதிப்பிற்குரிய பந்தி அயல்நாட்டில் மட்டும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து பெண்கள் பலர் விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி, ஏலத்தோட்ட வேலைக்குச் செல்கின்றனர். விடியுமுன் சமைத்துத் தூக்குவாளியில் கொண்டுசென்ற சோறு நண்பகலில் ஆறிவிடுகின்றது. மரநிழலில் கூடி அமர்ந்து, ஒருத்தியின் துவையலையும் மற்றொருத்தியின் பொரியலையும் பகிர்ந்து உண்ணும்போது அந்த ஆறிய சோறு அமுதமாகின்றது. அங்கே ஒருவருக்குச் சுடுசோறு, ஒருவருக்குப் பழையது என்னும் வேற்றுமை இல்லை.

எனவே, மாணவர்களே! பழஞ்சோற்றுப் பாத்திரத்தைத் தோழர் காணாதவாறு மறைத்துண்ண வேண்டா. அவ்வாறு உண்ணும் தோழனை நகைக்கவும் வேண்டா. வீட்டில் பழையது இருந்தால் அன்னைக்கு மட்டும் அதனை ஒதுக்காது, எல்லாரும் உடனமர்ந்து ஒரு கைப்பிடி உண்ணுங்கள். பலரும் விரும்பிப் பகிரும்போது பழஞ்சோறு விருந்தாகும். ஒருவர் தலையில் மட்டும் சுமத்தப்படும்போது அது அநீதியாகும்.