ஊறாத நா

மூன்றாம் ஆண்டு, வேதியியல் மாணவர்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா என்ற சொல்லைக் கேட்டாலே நாவில் நீர் ஊறும் என்பார்கள். நம் ஊர்ப்பக்கம் இதைச் சொல்லாதவர் இல்லை. ஆனால் எதைக் காட்டினாலும் ஊறாத நாவும் உண்டு என்பதை என் தாத்தாவிடம்தான் கண்டேன்.

தாத்தா இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் பஞ்சோடு பஞ்சாக உழைத்தவர். புகையிலைப் பழக்கம் வாயில் புற்றாக முடிந்தது. மதுரையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றுப் பிழைத்து வந்தார். நோய் போயிற்று, உமிழ்நீரும் கூடவே போயிற்று. அத்தை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆசையோடு வாங்கி வந்த பால்கோவாவை வாயிலிட்டவர், "மண்ணைத் தின்ன மாதிரி இருக்குப்பா" என்று துப்பிவிட்டார். இரவெல்லாம் செம்பும் கையுமாக விழித்திருப்பார். "வயசானா அப்படித்தான்" என்றார்கள் வீட்டில். நானும் அதையே சொன்னேன். அது தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

எச்சில் என்று நாம் இகழும் உமிழ்நீர், நல்ல உடலில் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. அதில் 99 விழுக்காடு தண்ணீர்தான். எஞ்சிய சிறு பங்கிலேதான் சூட்சுமம் இருக்கிறது. அதில் உள்ள மியூசின் என்னும் இயற்கைப் பலபடிச் சேர்மமே தண்ணீரை நாவில் பிடித்து வைக்கிறது. அது குறைந்தால் சுவை தெரியாது, சோறு இறங்காது, பல் சொத்தையாகும், வாயில் பூஞ்சை படரும்.

முதுமை மட்டுமே இதற்குக் காரணமன்று. கதிர்வீச்சு, நீரிழிவு, இரத்த அழுத்தத்திற்கும் மனச்சோர்வுக்கும் ஒவ்வாமைக்கும் தரும் மாத்திரைகள் பல, இவையெல்லாம் வாயை வறளச் செய்யும். உடலின் காப்பாற்றலே உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோயொன்றும் உண்டு. 1933-இல் அதை விரிவாக விளக்கிய சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஸியோகிரனின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

தண்ணீர் குடித்தால் தீராதா என்று நண்பர்கள் கேட்கலாம். பாறைமேல் பெய்த மழைபோல் அது ஓடிவிடும்; பிடித்து வைக்க ஒன்று வேண்டுமே! சுரப்பியில் உயிர் மிச்சமிருந்தால் சர்க்கரையில்லாச் சூயிங்கமும், மருத்துவர் தரும் பைலோகார்பின் மாத்திரையும் அதைத் தூண்டும். சுரப்பி அடியோடு கெட்டவர்க்குச் செயற்கை உமிழ்நீரே துணை. அதில் பெரும்பாலும் சேர்வது கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் என்னும் பலபடி. செல்லுலோசைக் காரத்தோடும் குளோரோ அசிட்டிக் அமிலத்தோடும் வினைபுரியச் செய்தால், நீரில் கரைந்து வழுவழுப்பாகும் இப்பொருள் கிடைக்கும். அந்தச் செல்லுலோஸ் எங்கே இருக்கிறது? பஞ்சில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதுதான்! தாத்தா ஆயுளெல்லாம் அளைந்த பஞ்சிலேயே அவர் நாவுக்கு மருந்தின் மூலம் இருந்தது.

ஆராய்ச்சியும் ஓயவில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2023-இல், புரத நுண்கூழ்த் துகள்களைப் பலபடிக் கூழோடு இணைத்து ஒரு செயற்கை உமிழ்நீரை உருவாக்கினர். ஆய்வுக்கூடச் சோதனையில் அது கடைச் சரக்குகளைவிட நான்கைந்து மடங்கு ஈரம் காத்தது.

ஆனால், பஞ்சுக்குப் பேர்போன எங்கள் ஊரில் நான்கு மருந்துக் கடை ஏறி இறங்கியும் செயற்கை உமிழ்நீர் கிடைக்கவில்லை. மதுரையிலிருந்துதான் வரவழைத்தோம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் உடற்புண்ணைக் கட்டும் பேண்டேஜ் துணியைப் பருத்தியில் நெய்கிறோம். நாவின் வறட்சிக்கும் அதே பருத்தி உதவக்கூடாதா? பாலிமர் என்றாலே பிளாஸ்டிக் குப்பை என்று மேடையில் முழங்கும் நாம், ஆய்வுக்கூடத்தில் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

உயிர் குடிக்கும் நோய்கள் ஆயிரமிருக்க, வாய் வறட்சிக்கா செலவு என்று சிலர் கேட்பார்கள். பெருஞ்செலவில் காப்பாற்றிய உயிர், ஒரு கவளம் விழுங்க முடியாமல் மெலிவது மட்டும் முறையா? கதிர்வீச்சு முடித்து வீடு திரும்பும் ஏழைக்குச் செயற்கை உமிழ்நீர் ஒரு புட்டி அரசுச் செலவில் தருவதும், நாள்தோறும் மாத்திரை விழுங்கும் முதியவரிடம் "வாய் வறளுகிறதா?" என்று கேட்பதும் மருத்துவத்தின் கடமை என்பதே என் கருத்து.

புட்டி வந்த அன்று தாத்தா நாவில் மருந்தைத் தெளித்துக்கொண்டார். பாலில் கரைத்த பால்கோவா இரண்டு கரண்டி உள்ளே இறங்கியது. "உங்க அத்தை நல்ல கடையிலதான் வாங்கியிருக்கா" என்றார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் செம்பும் கையுமாக ஒருவர் விழித்திருக்கக்கூடும். வயதென்று சொல்லி வாயை அடைக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.