பதினெட்டு வயசானதா என் குற்றம்?

எனக்கு இப்போது 20 வயது. எச்ஐவியோடு பிறந்தவள். கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். என் பெயரை எழுத முடியாது. எழுதினால் என் அம்மாயி இனி எந்த வீட்டுப் பந்தியிலும் உட்கார முடியாது.

மிளகும் காபியும் சோறு போடாத வருஷத்தில் அப்பா மலையிறங்கி லாரி கிளீனராகப் போனார். அந்தக் காலத்தில்தான் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் கேட்டதாம். புள்ளிராஜாவின் பிள்ளைக்கு வருமா என்று ஒரு சுவராவது கேட்டதா? பிரசவ நேரத்தில் நெவிரபின் மருந்து கொடுத்து, தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பைக் குறைக்கும் வழி அப்போதே நாட்டில் இருந்தது. அம்மா என்னை வீட்டிலேயே பெற்றாள். அவள் ரத்தத்தை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1-ல் வந்தது. குழந்தைகளுக்கான தனித் திட்டம் 2006 கடைசியில் வந்தது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். நான் பிழைத்தேன்.

ஆறு வயதில் என்னை ஓர் இல்லத்தில் விட்டார்கள். ராத்திரி எட்டானால் மணி அடிக்கும். வரிசையில் நிற்போம். வார்டன் அக்கா உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். ‘சத்து மாத்திரை’ என்றுதான் பல வருஷம் சொன்னார்கள். வியாதியின் பெயரை நான் தெரிந்துகொண்டது பள்ளிப் பாடப்புத்தகத்தில். அன்று சோறு இறங்கவில்லை.

18 முடிந்த வாரம் என் கையில் ஒரு பை, ஒரு மாத மாத்திரை, ஒரு கடிதம். அவ்வளவுதான். 2015 சிறார் நீதிச் சட்டப்படி 21 வயது வரை பிற்காப்பு தரலாமாம். இதை நான் அறிந்தது போன வருஷம்.

அந்தக் கடிதத்தோடு எச்ஐவி மருந்து தரும் மையத்தில் பெரியவர்கள் வரிசையில் போய் நின்றேன். பிறவியிலேயே இந்தக் கிருமி இருந்தால் வளர்த்தி குறையலாம். நான் வயசுக்கு வந்ததே 16-ல். பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருப்பேன். “பாப்பா, இது பெரியவங்க லைன்” என்று விரட்டினார்கள். சீட்டைக் காட்டினேன். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்: “எத்தன பேரோட போன?”

பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். கதவு திறந்தே கிடக்கிறது. பிறந்ததிலிருந்து பாசிட்டிவ் என்று சொல்ல வாய் வரவில்லை. என் சிகிச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பியிருந்தால் போதும், எல்லாம் எழுதியிருந்தது. திருப்பவில்லையே! செத்துப்போன என் அம்மாவையும் சேர்த்தல்லவா அந்தக் கேள்வி அறைந்தது?

அதன்பின் நான் போகவில்லை. ஆறு மாதம் மாத்திரை போடவில்லை. வீட்டில் மிச்சமிருந்த டப்பா குலுங்கினால் சத்தம் கேட்குமென்று அதற்குள் துணியைத் திணித்து, சாமைப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தேன். கழுத்தில் நெறி கட்டியது. காசநோய். திரும்பப் போனபோது “திமிரெடுத்து நிறுத்தினயா?” என்று கேட்டார்கள். திமிரா ஐயா அது? இல்லத்தில் மணி அடித்தது, மாத்திரை வந்தது. மருந்தின் பெயர் என்ன, நிறுத்தினால் என்ன ஆகும், வைரல் லோடு என்றால் என்ன என்று யாரும் எனக்கு உட்கார்ந்து சொல்லித்தரவில்லையே!

நான் மட்டுமல்ல. 2005-லிருந்து 2012 வரை உலகில் எச்ஐவி சாவு மொத்தத்தில் 30 சதவீதம் குறைந்தபோது, பதின்வயதினரிடையே 50 சதவீதம் கூடியது என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது. மருந்து இருந்த காலத்தில்தான் இந்தப் பிள்ளைகள் செத்தார்கள்.

மலையிலேயே மருந்து வாங்கிக்கொள்ளலாமே என்கிறார்கள். மலையில் எந்த வாசலில் நின்றாலும் பக்கத்தில் இருப்பவர் எனக்கு மாமன் முறை, சித்தப்பன் முறை. அதனால்தான் இருட்டோடு எழுந்து, 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஒரு நாள் கூலியை இழந்து கீழே போகிறேன். அங்கே ஒரு நல்ல சொல் கேட்டால் அந்த வளைவுகள் எனக்குப் பெரிதே இல்லை.

சட்டம் இருக்கிறது. 2017-ல் போட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. எச்ஐவி உள்ளவரை இழிவாக நடத்தக் கூடாது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவ நிலையத்தில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார், எந்த அறை என்று நான் போன இடத்தில் எந்தச் சுவரிலும் பார்க்கவில்லை.

இப்போது மாத்திரை தினம் ஒன்றுதான். ஒருநாளும் விடுவதில்லை. ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. இந்த நிலை நீடித்தால் உடலுறவில் என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது. இதை எனக்குச் சொன்னது வரிசையில் என்னோடு நின்ற ஒரு பெரியம்மா. வெள்ளைக் கோட்டு போட்டவர் யாரும் அல்ல.

நான் வளர்ந்த இல்லத்தில் இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். வருகிற தை மாதத்துக்குள் இருவருக்கும் 18 முடிகிறது. அவர்கள் கையில் பையைக் கொடுக்கும் அன்று, உங்களில் ஒருத்தராவது அந்த வரிசை வரைக்கும் கூடப் போங்கள்.