பார்த்ததும் நினைத்ததும்: பேய்ப்படமும் நாங்களும்



பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்த என் பெறாமகள் இந்த முறை மடிக்கணினியில் நிறையப் படங்கள் கொண்டுவந்திருந்தாள். அதில் அரைவாசி பேய்ப்படங்கள். "சித்தி, பேய்ப்படம் பாப்பீங்களோ? பயமில்லையோ?" என்று கேட்டாள். "ஷெல்லுக்கு ஓடின எனக்குப் பேய் என்ன பயம், போடு பாப்பம்" என்றேன். அது வெறும் வாய்ப்பேச்சு என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

பொழுதுபட்ட பிறகு பக்கத்து வீட்டு அக்காவும் பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். 'அரண்மனை' (2014) ஓடியது. பேய் வருவதற்கு முன்னமே எங்கோ ஒரு கதவு படாரென்று அடிபட்டது. அடுத்த கணம் நான் கதிரையில் இல்லை. நிலத்தில் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்காவும் அப்படியே இருக்கிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். ஆனால் நெஞ்சு படபடப்பு அடங்கக் கனநேரம் சென்றது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் பயந்தது பேய்க்கு அல்ல, சத்தத்துக்கு. போர் முடிந்து இத்தனை வருடங்களான பின்னும் எங்கள் உடம்பு அந்தச் சத்தங்களை மறக்கவில்லை. கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினாலும் இதே நிலைதான். இது பைத்தியமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. உயிர் தப்புவதற்காக உடம்பு பழகிக்கொண்ட பாடம் அது. அடுத்த நாளிலிருந்து சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் படம் பார்த்தோம். பாதிப் பயம் போய்விட்டது.

சத்தம் குறைந்ததும் கதை தெளிவாகத் தெரியத் தொடங்கியது. 'சந்திரமுகி' (2005) படத்தில் பேயாக வருகிறவள் ஒரு நடனக்காரி. அவளுடைய காதலனைக் கொன்று, அவளையும் உயிரோடு எரித்தவன் ஓர் அரசன். 'அரண்மனை'யிலும் கொலை செய்யப்பட்ட ஒரு பெண்தான் திரும்பி வருகிறாள். 'காஞ்சனா' (2011) படத்தில் வருவது நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. எல்லாப் படத்திலும் அநியாயமாகச் செத்தவள்தான் பேய். உயிரோடு இருந்தபோது அவளுடைய முறைப்பாட்டை யாரும் கேட்கவில்லை. செத்துப் பேயாகி, தலைமயிரை விரித்துக்கொண்டு வந்து கத்தினால்தான் ஊர் கேட்கிறது.

குடும்பத் தொடர்களில் வேறு விதமான கதை. 'கோலங்கள்' (2003-2009) ஒளிபரப்பான காலத்தில் வன்னியில் பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் இல்லை. நான் அதைப் பிந்தித்தான் பார்த்தேன். அதே இயக்குநர் திருச்செல்வம் செய்த 'எதிர்நீச்சல்' தொடரையும் (2022-2024) விடாமல் பார்த்தேன். படித்த மருமகள்மார் ஒரு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்து, மெல்ல மெல்ல வாய் திறக்கும் கதை. பிடித்திருந்தது. ஆனாலும் ஒரு பெண் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதற்கு நாங்கள் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது! செத்தவளுக்கு இரண்டரை மணித்தியாலத்தில் நீதி கிடைக்கிறது. உயிரோடு இருப்பவளுக்கு வருடக்கணக்கில் கண்ணீர்தான். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்தக் குறையைப் பெறாமகளிடம் சொன்னேன். "அப்ப இதைப் பாருங்கோ" என்று 'அண்டர் த ஷடோ' (2016) என்ற படத்தைப் போட்டாள். பாபக் அன்வாரி என்ற ஈரானியர் எடுத்தது. பாரசீக மொழி. கீழே ஓடிய ஆங்கில வரிகளை அவள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கதை 1988இல், தெஹ்ரான் நகரத்தில் நடக்கிறது. 1980இல் தொடங்கிய ஈரான் - ஈராக் போரின் கடைசி வருடம் அது. ஏவுகணைகள் நகரத்துக்குள் விழுகின்றன. ஷிதே என்ற தாய், டோர்சா என்ற சின்ன மகள். கணவர் வைத்தியர், அவரைப் போர்முனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஷிதேயும் மருத்துவம் படித்தவள்தான். முன்னர் அரசியலில் ஈடுபட்டாள் என்று சொல்லி, படிப்பைத் தொடர விடவில்லை. சைரன் ஊதினால் எல்லோரும் நிலவறைக்கு ஓடுகிறார்கள். யன்னல் கண்ணாடிகள் சிதறாமல் இருக்க ரேப் ஒட்டியிருக்கிறார்கள். எங்களிடம் கண்ணாடி யன்னலும் இல்லை, நிலவறையும் இல்லை. பனங்குற்றி போட்ட பங்கர்தான். ஆனால் பிள்ளையை இழுத்துக்கொண்டு படியிறங்கும் அந்தத் தாயின் முகம் எனக்குத் தெரிந்த முகம்.

மேல்வீட்டில் ஓர் ஏவுகணை வெடிக்காமல் விழுந்த பிறகுதான் பேய் வருகிறது. காற்றோடு வரும் ஜின் என்று சொல்கிறார்கள். அயலவர்கள் ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். மகளின் பொம்மை காணாமற் போகிறது. பொம்மை இல்லாமல் வரமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடிக்கிறாள். எத்தனையாவது இடப்பெயர்வு என்று ஞாபகமில்லை, என் மகளும் புத்தகப்பையை விட்டுவிட்டு வந்ததற்காக வழிநெடுக அழுதாள். நான் அடித்தேன். அந்த அடி இன்றைக்கும் என் கையில்தான் வலிக்கிறது.

மறக்க முடியாத இடம் ஒன்று உண்டு. பேய்க்குப் பயந்து ஷிதே நடு இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறாள். காவலர்கள் பிடிக்கிறார்கள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. தலையை மூடாமல் ஏன் வெளியே வந்தாய் என்றுதான் கண்டிக்கிறார்கள். திரும்பவும் அதே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்த இடத்தில் பெறாமகள் படத்தை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை. உள்ளேயும் பயம், வெளியேயும் குற்றம் என்ற நிலை பெண்களுக்கு எந்த நாட்டிலும் விளங்கும்.

அடுத்தது 'ஹிஸ் ஹவுஸ்' (2020). ரெமி வீக்ஸ் இயக்கியது. தென் சூடான் போரிலிருந்து தப்பி, படகில் கடல் கடந்து இங்கிலாந்து வந்த போல், ரியல் என்ற கணவன் மனைவியின் கதை. படகு கவிழ்ந்து சிறுமி நியகாக் இறந்துவிட்டாள். அரசாங்கம் கொடுத்த பழுதடைந்த வீட்டை விட்டு வேறெங்கும் குடியிருக்க அனுமதி இல்லை. வேலை செய்யவும் அனுமதி இல்லை. சுவருக்குள்ளிருந்து சத்தம் கேட்கிறது. கணவன் எல்லாவற்றையும் மறந்து புது மனிதனாக மாறப் பார்க்கிறான். மனைவியோ மறக்க முடியாது என்கிறாள். போகப் போகத்தான் அந்தச் சிறுமியின் உண்மைக் கதை வெளிவருகிறது. அதை நான் சொல்லவில்லை, பார்த்தே அறியுங்கள். கடைசியில் அவர்கள் வீட்டை விட்டு ஓடவில்லை. இறந்தவர்கள் எல்லோரும் அந்த வீட்டில் சுற்றி நிற்க, அவர்களோடேயே வாழ்வது என்று முடிவெடுக்கிறார்கள்.

இதற்கு இரண்டு நாள் முன்னர் 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) பார்த்துச் சிரித்திருந்தோம். பொருளாதார நெருக்கடியால் எங்கள் நாட்டிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போய், சென்னையில் வாழும் குடும்பம். யாரோடும் கதைக்காதீர்கள், கேட்டால் கேரளா என்று சொல்லுங்கள் என்கிறார்கள். சொந்தப் பேச்சை ஒளிக்கச் சொன்ன இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நல்ல அயலவர்கள் கிடைக்கிறார்கள், மனதுக்கு இதமான படம். இரண்டு படத்திலும் படகு வருகிறது. ஒன்று சிரித்துக்கொண்டு கரைசேருகிறது. மற்றது கரைசேர்ந்த பிறகும் மூழ்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் உண்மைதான்.

படம் முடிந்ததும் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். அக்கா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். 2009 மே மாதத்தில் சனநெரிசலுக்குள் தவறிப்போன ஒரே மகனைத் தேடிக்கொண்டிருப்பவர் அவர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் அவரும் போய் இருந்தவர். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் கேட்டார்:

"செத்த ஆக்கள்தானே தங்கச்சி இப்பிடி வருவினம்? என்ரை பிள்ளை ஒருநாளும் வரேல்லை. கனவிலை கூட வரேல்லை. அப்ப அவன் உயிரோடை இருக்கிறான் எண்டுதானே அர்த்தம்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவரது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். செத்தவருக்குத் திவசம் செய்யலாம், படையல் வைக்கலாம். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதவருக்கு என்ன செய்வது? எந்தப் பேய்ப்படமும் அந்தத் தாயின் இரவை இன்னும் எடுக்கவில்லை. அவர் பேயாகி வந்து கத்தவில்லை. உயிரோடு, ஒரு படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வீதியோரத்தில் இருந்துதான் கேட்கிறார். அதைக் கேட்பதற்கு அவர் சாகும்வரை காத்திருக்கக் கூடாது.

சகோதரிகளே, இந்தப் படங்களைப் பாருங்கள் என்றோ பார்க்காதீர்கள் என்றோ நான் சொல்லமாட்டேன். பார்ப்பதென்றால் தனியே பார்க்காதீர்கள். சத்தத்தைக் குறைத்து வையுங்கள். தாங்க முடியாவிட்டால் பாதியில் எழும்பிப் போங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைகளை முன்னால் இருத்தாதீர்கள். பல நாள் நித்திரை வராவிட்டால், பழைய காட்சிகள் விடாமல் வந்துகொண்டிருந்தால், அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அக்கா அடுத்த நாள் பின்னேரமும் வந்தார். "இண்டைக்குப் பேய் வேண்டாம், சிரிக்கிற படமாப் போடுங்கோ" என்றார். பெறாமகள் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை இரண்டாம் தரம் போட்டாள். நான் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன்.

நீங்கள் பார்த்து, மனதில் நின்ற படத்தைப் பற்றி எனக்கும் எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.