காப்புக் காட்டையும் அழிக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

மலையேறப் போகும்போது 'ஹுத்தான் சிம்பான்' என்ற பலகையைப் பார்த்திருப்பீங்க. அரசாங்கம் ஒதுக்கிய காப்புக் காடு அது. இனி யாரும் கைவைக்க முடியாது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பாதுகாப்பு ஓர் அரசிதழ் அறிவிப்பை நம்பித்தான் நிற்கிறது. இன்னோர் அறிவிப்பு வந்தால் போய்விடும். (காப்புக் காட்டிலேயே உரிமம் பெற்று மரம் வெட்டலாம் என்பது தனிக் கதை.)

அந்த அறிவிப்பை வெளியிடும் அதிகாரம் புத்ராஜெயாவிடம் இல்லை. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் காடும் மாநிலங்களின் பொறுப்பு. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றினாலும், தீபகற்ப மாநிலங்கள் அதை ஏற்றால்தான் அங்கே செல்லுபடியாகும். சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனிச் சட்டங்கள்.

சிலாங்கூரில் நடந்ததைப் பாருங்க. காப்புக் காடு என்ற தகுதியை நீக்குவதற்கு முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2011இலேயே அங்கு விதி வந்துவிட்டது. 2020 பிப்ரவரியில், வடக்கு கோல லங்காட்டில் சுமார் 930 ஹெக்டர் சதுப்புக் காட்டின் தகுதியை நீக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. 45,000க்கும் அதிகமான எதிர்ப்புகள் குவிந்தன. அப்படியும் 2021 ஆகஸ்ட் கடைசியில், அந்தக் காட்டில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தகுதி இழந்துவிட்டது தெரியவந்தது. அதாவது, சட்டப்படி உங்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். அதன்படி நடந்தாக வேண்டும் என்றில்லை. மக்கள் கொதித்தெழுந்த பிறகுதான், செப்டம்பரில் மந்திரி புசார் அந்த முடிவை ரத்து செய்தார். காட்டை மீட்டது சட்டமல்ல, அரசியல் நெருக்கடி.

அந்தக் காட்டை நம்பி வாழ்பவர்கள் தெமுவான் பூர்வக்குடி மக்கள். வழிவழியாக வாழும் நிலத்தில் பூர்வக்குடியினருக்கு உரிமை உண்டு என்று, டிங்கில் வட்டாரத் தெமுவான் மக்கள் தொடுத்த வழக்கில் 2005ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆனா கையில் பட்டா இல்லாதவர்கள் அந்த உரிமையை நிலைநாட்ட நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது.

மாநிலங்கள் ஏன் காட்டை விடுவிக்கின்றன? பணம். மாநிலங்களுக்கு வருமான வழிகள் குறைவு. நிலமும் மரமும் முக்கியமானவை. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசாங்கம் 2019இல் 60 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 250 மில்லியனாக உயர்ந்தது. நல்ல ஏற்றம்தான். ஆனாலும் பல மாநிலங்களுக்குப் பிரித்தால், ஒரு பெரிய வீடமைப்புத் திட்டம் தரும் வருமானத்துக்கு ஈடாகுமா என்பது சந்தேகமே.

2022இல் நாடாளுமன்றம் வனச் சட்டத்தைத் திருத்தியது. தகுதியை நீக்குவதற்கு முன் பொது விசாரணை நடத்த வேண்டும். இழக்கும் காட்டுக்கு மாற்றுக் காடும் ஒதுக்க வேண்டும். இதையும் ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் தனித்தனியாக ஏற்க வேண்டும். எனவே உங்க தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நம்ம மாநிலம் அதை ஏற்றுவிட்டதா?