கூலி என்றால் யாருக்குக் கோபம் வருகிறது?

கொஞ்ச நாளைக்கு முன்னால் சோழிங்கநல்லூரில் ஒரு வாசிப்பு வட்டத்துக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். ஊர் தங்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. 'டெக்கி' என்றதும் சிரித்தார்கள். 'ஐ.டி.காரன்' பழகிப்போச்சு என்றார்கள். 'சைபர் கூலி' என்றதும் ஒரு தம்பி எழுந்து நின்றான். "எங்களைப் பாத்தா கூலிக்காரங்க மாதிரியா சார் தெரியுது? நாங்க படிச்சவங்க."

எங்க அம்மா நாற்று நட்டவள், களை எடுத்தவள். கூலிக்காரி. அது தெரிந்திருந்தால் அந்தத் தம்பி என் முன்னால் அப்படிப் பேசியிருக்க மாட்டான். ஆனால் நினைக்காமல் இருந்திருப்பானா?

'சைபர் கூலி' பழைய பெயர்தான். 2004இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி, கால்சென்டர் வேலையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை இந்தப் பெயரைத் தலைப்பில் போட்டே வெளியிட்டது. ராத்திரி ஷிப்ட், ஓயாத கண்காணிப்பு, நாளைக்கு வேலை இருக்குமா என்கிற பயம், சங்கம் இல்லாமை. இதில் எதற்கும் வராத கோபம் பெயருக்கு மட்டும் வருகிறது. ஏன்?

'கூலி' எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்கள் இரண்டு வழி சொல்வார்கள். குஜராத்தின் கோலி என்கிற ஜனத்தின் பெயர் என்பது ஒன்று. தமிழின் 'கூலி', அதாவது செய்த வேலைக்கு வாங்கும் சம்பளம் என்பது மற்றொன்று. எது சரியாக இருந்தாலும் நடந்தது ஒன்றுதான். உழைக்கிற ஜனத்தின் பெயரோ, உழைப்பின் விலையோ வசைச்சொல் ஆக்கப்பட்டது. ஆங்கிலத்தில் 'பரையா' என்றால் தள்ளிவைக்கப்பட்டவன். அது எந்த ஜனத்தின் பெயர் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

1860 நவம்பரில் ட்ரூரோ என்கிற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போய் டர்பனில் இறக்கியது. கரும்புத் தோட்டத்துக்குப் போன அந்த ஜனத்தைத்தான் வெள்ளைக்காரன் 'கூலி' என்றான். பிறகு அங்கே போன இந்தியர் எல்லோரையுமே அப்படிக் கூப்பிட்டான். அங்கிருந்த முஸ்லிம் வியாபாரிகள் தங்களை 'அரபிகள்' என்றும், பார்சி குமாஸ்தாக்கள் 'பாரசீகர்கள்' என்றும் சொல்லிக்கொண்டதாகக் காந்தியே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதாவது, "கூலி என்று சொல்லாதே" என்று அவர்கள் கேட்கவில்லை. "நான் கூலி இல்லை, கூலி அதோ அவன்" என்று கை காட்டினார்கள். சோழிங்கநல்லூர்த் தம்பி காட்டியதும் அதே கையைத்தான்.

வசையை எதிர்க்க இன்னொரு வழியும் இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'பறையன்'. எந்தப் பெயரைச் சொல்லி அடித்தார்களோ அதையே முகப்பில் அச்சடித்து வீதிக்குக் கொண்டுவந்தார். இனிப்பான பெயர்களை நம் ஆட்கள் நம்பவும் இல்லை. 'ஹரிஜன்' என்ற சொல் மசோதாவில் வந்ததற்காக 1938இல் பம்பாய்ச் சட்டசபையிலிருந்து அம்பேத்கரும் அவருடைய கட்சிக்காரர்களும் வெளிநடப்புச் செய்தார்கள். கடவுளின் பிள்ளை என்று சொல்லிவிட்டு, கிணற்றை மட்டும் தொடாதே என்றால் அந்தப் பெயரை வைத்து என்ன செய்வது?

கம்பெனிகளும் இனிப்பான பெயர்களாகத்தான் வைக்கின்றன. சேரும்போது 'அசோசியேட்', கூட்டாளி. விளம்பரத்தில் 'டேலண்ட்'. கணக்குப் போடும்போது மட்டும் 'ரிசோர்ஸ்'. நிலக்கரி ரிசோர்ஸ், தண்ணீர் ரிசோர்ஸ், நீயும் ரிசோர்ஸ். வேலை இல்லாத நாளில் 'பெஞ்ச்'. மனுசனை மரப்பலகையின் பெயரால் கூப்பிடுகிறான், அதற்குக் கோபம் வரவில்லை. கூட்டாளி என்று கூப்பிடப்பட்டவனை ஒரு மத்தியானத்தில் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள். எந்தக் கூட்டாளியை அப்படி அனுப்ப முடியும்?

இதில் சட்டமும் இருக்கிறது. தொழில் தகராறுச் சட்டத்தின் 'தொழிலாளி' வரையறையில் 1956 திருத்தத்திலேயே தொழில்நுட்ப வேலையும் சேர்க்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசே 2016இல் தெளிவுபடுத்தியது. நிர்வாக வேலை பார்ப்பவர் அந்த வரையறைக்கு வெளியே. அதனால்தான் 'மேனேஜர்' பட்டத்தை வாரி வழங்குகிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் பட்டத்தைப் பார்க்க மாட்டார்கள், செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் 'நான் தொழிலாளி இல்லை' என்று நீயே நம்பிவிட்டால் கோர்ட்டுக்கு எப்படிப் போவாய்?

இன்னொரு பெயர் இருக்கிறது. அதைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. 'கோட்டா'. 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசு சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குப் போட்டது. ஒரு தலித் பொறியாளர் இடஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.க்கு வந்தவர் என்பதை மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொல்லிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது, 2023இல் இரண்டு அதிகாரிகள் மீதான வழக்கை அரசே திரும்பப் பெற்றது. வழக்கு எப்படியும் போகட்டும். கடல் தாண்டி, இடஒதுக்கீடே இல்லாத கம்பெனியில் உட்கார்ந்தாலும் இந்தப் பெயர் பின்னாலேயே வரும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் "நீங்க எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு?" என்று கேட்பவனுக்கு ஊர் தெரிய வேண்டியதில்லை. 'கூலி' என்றால் எழுந்து நிற்கிற தம்பி, பக்கத்து நாற்காலிக்காரனை 'கோட்டா' என்று சொல்லும்போதும் எழுந்து நிற்பானா?

அதே கட்டடத்தில் விடியற்காலையில் வந்து கக்கூஸ் கழுவுகிற அக்காமார் இருக்கிறார்கள். 'ஹவுஸ்கீப்பிங்' என்று சட்டையில் எழுதியிருக்கும். அவர்கள் எந்தச் சேரியிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காண்ட்ராக்ட் ஆள் என்று தெரிய, பல கம்பெனிகளில் அடையாள அட்டைக் கயிற்றின் நிறமே வேறு. அவர்களும் மாசக் கடைசியில் கூலிக்குக் காத்திருக்கிறார்கள், தம்பியும் காத்திருக்கிறான். தொகைதான் வேறு.

கூட்டம் முடிந்து அந்தத் தம்பியிடம் சொன்னேன்: "உன்னைக் கூலின்னு சொன்னவனோட சண்டை போடு, நானும் வர்றேன். ஆனா 'நான் கூலிக்காரன் இல்லே'ன்னு சொல்லிச் சண்டை போடாதே. 'கூலிக்காரனை ஏன்டா கேவலமாப் பேசுறே'ன்னு கேளு." அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்காமாரையும் கூப்பிடலாமா என்று மட்டும் கேட்டான். கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.